பிளாட் இண்டியா

மலாயில் பிளாட் என்றால் வண்டி நம்பர் பலகை. அடுக்குமாடி வீட்டைச் சொல்லவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லோரி யார்டில் ஆளுக்கும் அதுதான் பெயர். காலையில் உள்ளே நுழைந்தால் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பிளாட் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பாரம் ரெடி, டயரைப் பார், இந்த வாசலுக்குப் போ, எல்லாம் அப்படித்தான். சொந்தப் பெயரைக் கிளினிக்கில் கூப்பிட்டால் உண்டு.

இந்தியர் ஓட்டும் லோரி அங்கே மூன்று. மூன்றிலும் முன்கண்ணாடிக்குள் மல்லிகைச் சரம் தொங்கும். அதனால் எங்களை மொத்தமாகப் 'பிளாட் இண்டியா' என்பார்கள். யாரும் கோபப்படுவதில்லை. நாங்களே அப்படிச் சொல்லிக்கொள்வோம். "பிளாட் இண்டியா டீ குடிக்கப் போகுது, யாரு வர்றா?" என்று கத்திக்கொண்டே போவோம்.

ஒரு நாள் மத்தியானம் வெறும் டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்தேன். வாசல் தூணில் முட்டினேன். மழை இல்லை. இருட்டு இல்லை. குறுக்கே யாரும் வரவில்லை. நடக்கிற வேகம்தான். தூண் சாய்ந்தது, பின்விளக்கு உடைந்தது, யாருக்கும் அடி இல்லை. முட்டுவதுதான் முட்டினேன், ஓடுகிற வண்டியில் முட்டியிருந்தால் ஒரு காரணமாவது சொல்லலாம். தூணுக்கு என்ன காரணம் சொல்வது? நான் வேலைக்கு வந்த நாளில் இருந்து அது அங்கேயேதான் நிற்கிறது.

எங்கள் மூவரில் ஒருவன்தான் போனில் வீடியோ எடுத்தான். சாய்ந்த தூண். பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நான். பின்னால் சிரிப்புச் சத்தம். "பிளாட் இண்டியா லங்கார் தியாங்!" என்று ஒரு குரல். பிளாட் இண்டியா தூணில் முட்டிவிட்டது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் அது எந்தக் குரூப்பில் இருந்து எந்தக் குரூப்புக்குப் போனது என்று சொல்ல முடியாது.

"அழிச்சிரட்டுமாண்ணே?" என்றான் எடுத்தவன்.

"எதுக்கு? முட்டுனது முட்டுனதுதானே."

"அதுக்கில்லண்ணே. நீங்க நிக்கிற போஸ்தான் அதுல காமெடி. போலீஸ்காரன் மாரி நிக்கிறீங்க."

யார்டு மேற்பார்வையாளரான மண்டோர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். தோளில் கை வைத்து, "அண்ணே, கொஞ்ச நாளைக்கு ஜொகூர் ரூட்டு வேணாம் லா. பக்கத்துல ஓட்டுங்க" என்றார். பக்கத்தில் என்றால் பூச்சோங், ஷா ஆலம், ரவாங். புதிதாக லோரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஓட்டம்.

அதற்குப் பிறகு நான் மெதுவாக ஓட்டினேன். கால் அழுத்த மாட்டேன் என்றது. லோரிக்குள் ஒரு GPS பெட்டி உண்டு. ஆபீஸ் திரையில் என் வண்டி ஒரு புள்ளியாகத் தெரியும். எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எல்லாம் அதில் வரும். ஜன்னலுக்குப் போனால் ஆபீஸ் பெண் சிரிப்பாள். "பிளாட் இண்டியா ரொம்ப ஸ்லோ லா அங்கிள். புள்ளி நகருதான்னு பாத்துப் பாத்துக் கண்ணு வலிக்குது."

வீட்டில் சொல்லவில்லை. ஏன் சீக்கிரம் வருகிறேன் என்று கேட்டதற்கு, ஜொகூர் பாரம் கம்மி என்றேன். மனைவி சரி என்றாள். மகள் தலையை ஆட்டினாள்.

மகள் ஒருத்திதான். படிவம் ஆறு படிக்கிறாள். புவியியலில் கெட்டி என்று அவள் டீச்சர் சொன்னார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தேன். அப்புறம் இடைநிலைப்பள்ளிக்கு முந்தைய ரிமூவ் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். அவள் என்ன பாடம் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் பாடத்தின் பெயரைச் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளிடம் கேட்டதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். அவள் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் இரண்டு குரலும் கேட்டன.

"பிளாட் இண்டியாதான் டி இதுல காமெடி. மொதல்ல செம்ம ஸ்பீடு. வேற எந்த பிளாட்டும் கிட்ட வர முடியாது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, போய் முட்டிக்கிச்சு."

தோழி சிரித்தாள்.

"முட்டுன பெறகு ஸ்லோ ஆயிருச்சு. இப்ப GPS வச்சுப் பாத்தாதான் நகருதுன்னே தெரியும். அவ்ளோ ஸ்லோ."

"பாவம் டி."

"பாவம்தான். ஆனா நிக்காது. இன்னும் முட்டிக்கிட்டேதான் இருக்கு."

எழுந்தேன். பாய் காலில் சுருண்டது. கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் அடித்தது.

"யாருகிட்ட சொல்லிச் சிரிக்கிற?"

அவள் திரும்பினாள். "ப்பா?"

"அப்பன் தூண்ல முட்டுனது ஒனக்குக் காமெடியா? இத்தன வருஷத்துல ஒரே ஒரு தரம். ஒரே ஒரு தரம் முட்டுனேன். ஜொகூர் ரூட்ட எடுத்துட்டான். இப்ப ஸ்லோவா ஓட்டுறேன்னா யாருக்காக ஓட்டுறேன்?"

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மண்டோர் தோளில் கை வைத்தது, வீடியோ, ஆபீஸ் பெண் சிரித்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தனை நாள் வாயை மூடி வைத்திருந்ததை, யாரும் கேட்காமலே நானே சொல்லி முடித்தேன். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் இருந்து வந்தாள்.

"எந்தத் தூணுங்க?"

போனில் இருந்து தோழியின் குரல் மெல்ல வந்தது. "டி... நான் அப்பறமா கூப்புடுறேன்."

மகள் மேசையில் கிடந்த பாடப்புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். உலகப் படம். நாடுகளின் கோடு இல்லை. வேறு கோடுகள். உடைந்த முட்டை ஓட்டைச் சேர்த்து வைத்ததுபோலத் துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மலாயில் பெயர் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு துண்டு. அதன்மேல் எழுதியிருந்தது: பிளாட் இண்டியா.

"ப்பா, நான் பூமியச் சொன்னேன்."

அவள் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடவும் இல்லை. நான் வெளியே போய்ப் பாயைச் சுருட்டினேன். சுருட்டிய பாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளில் இருந்து வீட்டில் அவள் பிளாட் என்ற சொல்லைச் சொல்லவில்லை. தட்டு என்றாள். பூமித் துண்டுக்குத் தமிழில் அதுதான் சொல்லாம்.

"தட்டு எழுதிட்டியா?" என்று தோழி கேட்பாள் போல. "இன்னும் ரெண்டு தட்டு இருக்கு" என்பாள் இவள். அடுப்படியில் இருந்து மனைவி, "எல்லாத் தட்டும் கழுவிட்டேன், எந்த ரெண்டு?" என்பாள். வேறு நாளாக இருந்தால் மூவரும் சிரித்திருப்போம். நான் இருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

யார்டில் டீ குடிக்கும்போது, வீடியோ எடுத்தவனிடம் கேட்டேன். "பூமி நகருதாமே, தெரியுமா?"

அவன் கிளாசைக் கீழே வைத்தான். "அண்ணே, அப்ப தூண்தான் நகந்து வந்து ஒங்கள முட்டுச்சுன்னு சொல்லப் போறீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தமிழ் படிக்கிறவர்கள் மாதம் ஒரு தடவை கூடுவார்கள். அந்த மாதம் மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியில் மலாயில் படிக்கிற ஒரு பாடத்தைப் பெற்றோருக்குத் தமிழில் விளக்க வேண்டும். அதில் பேச என் மகள் பெயர் கொடுத்திருந்தாள். நிலத்தட்டுகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன, அந்த வேகத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பது அவள் எடுத்த விஷயம். அன்று போனில் ஒத்திகை பார்த்ததும் அதைத்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அந்த முட்டுற எடத்த எடுத்துட்டாளாம்."

"எந்த எடம்?"

"இந்தியா வந்து முட்டுற எடம். அவ பேச்சுல அதான் நல்ல எடமாம். டீச்சரே சொன்னாங்களாம். ஒங்கள முன்னாடி வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றதுன்னு எடுத்துட்டா."

"சேத்துக்கச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க. வாய் இருக்குல்ல? அன்னைக்கு இருந்துச்சே."

சோற்றைப் பிசைந்தேன். அவள் சொன்னது நியாயம். மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கையைக் கழுவிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கழுவினேன். படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவளைக் காடியில் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மனைவிக்கு வேலை. கிள்ளானில் இருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை ஃபெடரல் ஹைவேயில் நேரே போகிற வழி. பேச நேரம் இருந்தது. ஷா ஆலம் தாண்டும்போது வாயைத் திறந்தேன்.

"ஏர்கோண்ட் போதுமா?"

"போதும்ப்பா."

பெட்டாலிங் ஜெயா வந்தபோது மறுபடி திறந்தேன். "காலையில சாப்பிட்டியா?"

"நீங்க பாத்தீங்களேப்பா. ஒங்க முன்னாடிதானே சாப்பிட்டேன்."

மடியில் மெழுகுவத்தியும் தாள்களும் வைத்திருந்தாள். பேசுவதற்குக் குறித்து வைத்த அட்டைகளும் இருந்தன. பிரிக்பீல்ட்ஸுக்குள் நுழைந்ததும் சொன்னாள். "ப்பா, இங்க பார்க்கிங் கஷ்டம். நீங்க வேணும்னா காடியிலயே இருங்க. முடிஞ்சதும் கீழ வந்துருவேன்."

என்னால் அவளுக்கு வெட்கமா, இல்லை எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று சொல்கிறாளா என்று யோசித்தேன். எப்படி இருந்தாலும் அவளுக்குத் தொல்லை நான்தான்.

"மேல வர்றேன்" என்றேன்.

பூக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சிறிய மண்டபம். கீழே இருந்து ஊதுவத்தி வாசனை ஏறி வந்தது. நாற்பது ஐம்பது பேர் இருக்கலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போனில் எல்லாவற்றையும் கேட்ட அந்தத் தோழி முன்வரிசையில் இருந்தாள். திரும்பி, "ஹாய் அங்கிள்" என்று கை காட்டினாள். நல்ல பிள்ளை. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

என் மகள் மூன்றாவதாகப் பேசினாள்.

"வணக்கம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபம் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது" என்று ஆரம்பித்தாள்.

நடுவில் இருந்த பருத்த மனிதர் ஒருவர் உடனே கேட்டார். "எந்தப் பக்கம்மா? என் காடி கீழ நிக்குது."

"காடியும் சேந்துதான் நகருது அங்கிள்."

"அப்ப பார்க்கிங் சம்மன் வந்தா அபராதத்த பூமிதான் கட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பயம் போய்விட்டது என்று தெரிந்தது.

பூமியின் மேல் ஓடு ஒரே ஓடு இல்லை, துண்டு துண்டு, அடியில் சூடான பாறை மெல்ல மெல்ல நகர்வதால் மேலே இந்தத் துண்டுகளும் நகர்கின்றன என்று சொன்னாள். அப்புறம் பலகையில் எழுதினாள்.

"வேகம் என்றால் என்ன? போன தூரத்தை, போக எடுத்த நேரத்தால் வகுப்பது. லோரி ஓட்டுகிறவர்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்."

வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கேட்டது. லோரி பஸ் ஆகிவிட்டது.

மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். தோழி எழுந்து வந்து ஒரு வெள்ளைத் தாளை அதற்கு மேலே பிடித்து மெல்ல இழுத்தாள். இவள் மெழுகுவத்தியை விட்டு விட்டு உயர்த்தினாள். தாளில் கருப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன. மெழுகுவத்தி அந்த இடத்திலேயே இருந்தது, தாள்தான் நகர்ந்தது என்று காட்டினாள். கடலுக்கு அடியிலும் இப்படிச் சில இடங்களில் ஒரே இடத்தில் நெருப்பு மேலே வருமாம். மேலே தட்டு நகர நகர, எரிமலைத் தீவுகள் வரிசையாக முளைக்கும். இரண்டு தீவுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கலாம். பாறையைச் சோதித்து இரண்டின் வயதையும் கண்டுபிடிக்கலாம். தூரத்தை, வயது வித்தியாசத்தால் வகுத்தால் தட்டின் வேகம் வந்துவிடும்.

எனக்கு அது ஆயில் ஒழுகுகிற லோரிபோலத் தோன்றியது. ரோட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கும். சரியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தலைகீழ் என்று தெரிந்தது. அவள் சொன்னதில் சொட்டுகிற லோரி நிற்கிறது, ரோடுதான் போகிறது. நல்ல வேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்போது GPS இருக்கிறது. பாறையில் கருவியைப் பதித்து வைத்திருக்கிறார்கள். வானத்தில் இருந்து வரும் சமிக்ஞையை வைத்து, போன வருடம் எங்கே இருந்தது, இந்த வருடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார்கள்."

என் லோரியில் இருக்கும் அதே சாமான். நின்ற இடத்தில் நிற்கிற பாறையைக்கூட விடவில்லை.

கடைசியில் ஒரு கணக்குப் போட்டாள். "ஒரு தட்டு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம்." எந்தத் தட்டு என்று சொல்லவில்லை. "பிரிக்பீல்ட்ஸில் இருந்து கிள்ளான் முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் போனால் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நாள் ஆகும்?" பலகையில் பூஜ்யங்களைப் போட்டு வகுத்தாள். ஆறு நூறாயிரம் ஆண்டுகள் வந்தது.

பருத்த மனிதர் விடவில்லை. "பரவால்லம்மா. சாயந்தரம் ஃபெடரல் ஹைவே ஜாமுக்கு அது எவ்வளவோ தேவல!"

சிரிப்பு அடங்கியதும், "இத்துடன் முடிக்கிறேன்" என்றாள். கையில் இன்னும் ஓர் அட்டை இருந்தது. அதைப் படிக்காமல் கடைசிக்குத் தள்ளினாள். நல்ல கைதட்டல்.

அப்போது முன்னால் ஒருவர் எழுந்தார். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"நல்லா சொன்ன. ஆனா ஒன்னு கேக்கணும். வேகத்தப் பத்திப் பேசிட்டு இந்தியத் தட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே? எவ்வளவு வேகமா வந்த தட்டு அது. ஏன் வேகம் கொறைஞ்சுச்சு?"

"நேரம் பத்தல சார்."

"ரெண்டு வரி போதுமே. சொல்லு. என்னாச்சு அதுக்கு?"

அவள் அட்டைகளை அடுக்கினாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கக்கூடாது என்றே வேறு பக்கம் பார்த்தாள்.

"அந்தப் பகுதி நான் சரியாப் படிக்கல சார்."

"தமிழ்ல பேச வந்துட்டு இந்தியாவ விட்டா எப்படிம்மா? பாதி வீட்டப் பெருக்கிட்டு வெளக்குமாத்தச் சாத்தி வச்ச மாரி இருக்கு."

சிரித்தார்கள். வாத்தியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படித்த பிள்ளை படிக்காததுபோல நின்றால் எந்த வாத்தியாரும் அப்படித்தான் கேட்பார். என் மகள் தலையைக் குனிந்து, "சாரி சார்" என்றாள். தோழி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. சும்மா பார்த்தாள்.

எழுந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் விழுந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பியது.

"அவளுக்குத் தெரியும் சார்."

"நீங்க?"

"அப்பா."

என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"நான் கிள்ளான்ல லோரி ஓட்டுறேன். யார்டுல எங்க லோரிய பிளாட் இண்டியான்னு சொல்லுவாங்க. கொஞ்ச நாளைக்கு முன்ன தூண்ல முட்டிட்டேன். இவ வீட்ல பிளாட் இண்டியா முட்டுச்சு, ஸ்லோ ஆயிருச்சுன்னு படிச்சா. என்னத்தான் சொல்றான்னு நெனச்சு ஏசிட்டேன். இந்தப் புள்ள போன்ல இருக்கப்பவே ஏசிட்டேன். அதான் அந்த எடத்த எடுத்துட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

அப்புறம் பருத்த மனிதர் கேட்டார்.

"அண்ணே, தூணுக்கு என்னாச்சு?"

"சாஞ்சிருச்சு."

மண்டபமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நான் நின்றேன். காது சுட்டது. உட்காரலாம் என்றால் நாற்காலி கீழே கிடந்தது. குனிந்து அதை எடுத்தால் இன்னும் சிரிப்பார்கள் என்று அப்படியே நின்றேன். இடுப்பில் கை வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

மகள் கடைசி அட்டையை மேலே எடுத்தாள். முதல் இரண்டு வரி சரியாகக் கேட்கவில்லை. வாத்தியார், "சத்தமா, சத்தமா" என்றார். அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்காமலே பேசினாள்.

இந்தியா ஒரு காலத்தில் தெற்கே ஆப்பிரிக்காவோடு ஒட்டிக் கிடந்ததாம். பிரிந்து வடக்கே புறப்பட்டது. வேகம் ஏறியபோது வருடத்துக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. தட்டுகளில் அது ஓட்டம். வந்து ஆசியாவில் முட்டியது. நடுவில் இருந்த கடலடி மண்ணுக்குப் போக இடம் இல்லை. மடிந்து மேலே எழும்பியது. அதுதான் இமயமலை. அந்த உச்சியில் இன்றைக்கும் கடல் உயிர்களின் தடம் கல்லில் கிடைக்கிறது. முட்டிய பிறகு வேகம் குறைந்து, இப்போது வருடத்துக்கு மூன்று விரல் அகலம்.

"லோரி ஓட்டுறவங்களுக்குத் தெரியும்" என்றாள். எழுத்துத் தமிழ் போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "பாரம் ஏத்துன வண்டி முட்டுன ஒடனே நிக்காது. தள்ளிக்கிட்டே போகும். இந்தியாவும் அப்படித்தான். இன்னும் தள்ளுது. அதனால மலை இன்னும் ஒசருது."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் பஸ் மறுபடி லோரி ஆகியிருந்தது.

கைதட்டினார்கள். முன்பைவிடப் பெரிய கைதட்டல். நான் அப்போதுதான் குனிந்து நாற்காலியை எடுத்தேன். நான் எழுந்ததால்தான் அவள் பேசினாள் என்று தோழி பிறகு கீழே வந்து சொன்னாள். அப்படி இல்லை. படிக்கவில்லை என்று ஐம்பது பேருக்கு முன்னால் அவள் பொய் சொல்லும்படி வைத்தது நான். எனக்காக ஒரு மலையையே எடுத்து மறைத்துவிட்டு, தலை குனிந்து சாரி சொன்னாள். ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இரண்டு நாள் இருந்தது. கிள்ளானில் இருந்து வருகிற வழி முழுக்க இருந்தது. ஏர்கோண்டைக் கேட்டேன்.

போகும்போது வாத்தியார் என் கையைப் பிடித்தார். "நல்ல புள்ளய்யா." தலையை ஆட்டினேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது ஜாம். சனிக்கிழமை மத்தியானத்திலும் ஃபெடரல் ஹைவேக்கு என்ன வேலையோ. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று போனில் காமெடி என்று அவள் சொன்னது முழுக்கப் பூமியை மட்டும்தானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"ப்பா."

"ம்."

"முட்டுறப்ப என்ன ஸ்பீடு?"

"ரிவர்ஸ்தானே. நடக்குற ஸ்பீடு."

"தூண் எவ்ளோ ஒசந்துச்சு?"

இமயமலையைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஒசரல. சாஞ்சுதான் போச்சு."

"தெரியும். எடது பக்கம்."

எந்தப் பக்கம் சாய்ந்தது என்று மண்டபத்தில் நான் சொல்லவில்லை. அன்று வீட்டில் கத்தியபோதும் சொல்லவில்லை.

"வீடியோ பாத்தியா?"

"ம்."

"எப்ப?"

"அன்னைக்கே. ஸ்கூல்ல மூணு பேரு அனுப்புனாங்க."

முன்னால் இருந்த காடியின் பிளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் கண்ணில் நிற்கவில்லை.

"அம்மாவுக்கு?"

"நான்தான் காட்டுனேன்."

எந்தத் தூணுங்க என்று கேட்டாளே. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல.

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லலியே. சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். பாரம் கம்மி என்று நான் சொன்னபோது தலையை ஆட்டியது ஞாபகம் வந்தது. தினமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்றைக்குச் சொல்வேன் என்று இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். நான் சோறு போடச் சொல்லியிருப்பேன்.

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். முன்னால் இரண்டு காடி தூரம் இடம் விழுந்திருந்தது.

"போங்கப்பா" என்றாள். "நகருது."

கியரைப் போட்டேன்.